திரும்பி வந்த தூக்குவாளி

அந்த அம்மாள் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை.

கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர் போகிற பாதையில், கிழங்கும் பூண்டும் விளைகிற ஒரு மலைக்கிராமம். அங்கேதான் நான் கல்யாணமாகாத காலத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் அந்த மேட்டில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செத்துப்போன புருஷனுடைய கம்பளிக் கோட்டைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கிழங்குக் காட்டுக்குள் இறங்கினார் என்றால் ஆட்கள் எல்லோருக்கும் குனிந்த தலை நிமிராது. ஒட்டன்சத்திரத்துக்குக் கிழங்கு லாரி எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். வற்றாத ஊற்று ஒன்று அவர் நிலத்தில் இருந்தது, பாதி ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. குரல் அடுத்த மேட்டுக்குக் கேட்கும். சிரிப்பு அதற்கும் அடுத்த மேட்டுக்கு.

நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கு மழையும் மூடுபனியுமாக இருந்தது. எனக்கு விட்ட அறையில் ஒரு பாய்கூட இல்லை. பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தபோது அவர் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், ஒருவர் தலையில் கட்டில், ஒருவர் தலையில் விறகு. அவர் கையில் ஒரு பித்தளைத் தூக்குவாளி. அதில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியும், மூடியில் பூண்டுத் துவையலும்.

"குடிங்க டீச்சர். திண்டுக்கல் வெயில்ல கெடந்த ஒடம்பு, இந்தக் குளிருக்கு வெறச்சுப் போயிரும். வெக்கப்படாமக் குடிங்க."

மறுநாள் வாளியைக் கழுவி, எங்கள் ஊர் வழக்கப்படி வெறுமனே கொடுக்கக் கூடாதே என்று ஒரு கைப்பிடி சீனி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார். கடகடவென்று சிரித்தார். என் முந்தானையை இழுத்து விரித்து அந்தச் சீனியை அப்படியே அதில் கொட்டினார்.

"எனக்கெதுக்குத்தா இது? எனக்கென்ன கொறச்சல்?"

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் அதுதான் பதில். கீழ்மலையிலிருந்து சொந்தக்காரர்கள் பலாப்பழம் கொண்டுவந்தால் அதை வாசலிலேயே அறுத்து ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார். பழனிக்குப் போனால் தெரிந்தவர் வீட்டுப் பஞ்சாமிர்தத்தைத் தொடமாட்டார். தானே கடையில் வாங்கி, தெரிந்தவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவார். முருகனே நேரில் வந்து நீட்டினாலும் விலை கேட்டுத்தான் வாங்குவார் என்று ஆசிரியர்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வோம்.

ஒரு தடவை அவருக்குக் கடுங்காய்ச்சல். ரசம் வைத்து எடுத்துப்போனேன். "வச்சிட்டுப் போங்க, குடிச்சுக்கிறேன்" என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் என் ரசம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அவரே அடுப்பு மூட்டி, அவரே கஞ்சி காய்ச்சிக் குடித்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக மதிப்பும் வந்தது. இப்படி ஒரு மனுஷியா என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

சிலோன்காரக் குடும்பம் வந்தது அறுபதுகளின் கடைசியில், ஐப்பசி மழையில். கீழ்மலையில் ஏதோ காப்பித் தோட்டத்தில் வேலை என்று சொல்லி அகதி முகாமிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். வந்து பார்த்தால் அங்கே வேலை இல்லை. கிழங்கு ஏற்ற வந்த லாரிக்காரர் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டுவந்து எங்கள் ஊரில் இறக்கிவிட்டார். புருஷன் வேலு, பெண்டாட்டி மாரியாயி, மூச்சிழுப்பு நோய்க்காரப் பையன் ஒருவன், ஒரு தகரப் பெட்டி. அவ்வளவுதான் அந்தக் குடும்பம்.

அன்றைக்குப் பெரியம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். நனைந்துபோயிருந்த பிள்ளையைப் பிடுங்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். டீக்கடை முன்னால் நின்றுகொண்டு ஊரையே திட்டினார்.

"என்னலே வேடிக்க பாக்குறீக? நம்ம சனம்லே! கடலத் தாண்டி, பசியும் பட்டினியுமா வந்து நிக்குறாக. வீட்டுல கெடக்குற கம்பளியக் கொண்டாங்க, வெரசாப் போங்க!"

ஊர் ஓடியது. கம்பளி வந்தது, அரிசி வந்தது, பழைய சட்டைகள் வந்தன. என்ன ஆளுக என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த ஊரில் அது பெரிய அதிசயம். நான் போனபோதுகூட இரண்டாவது கேள்வி அதுதான். பெரியம்மா தன் கிழங்குக் கொட்டகையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். கிழங்கு அழுகாமலிருக்கக் காற்றுப் புகட்டும் என்று பலகைக்குப் பலகை சந்து விட்டுக் கட்டிய கொட்டகை அது. ஆட்களை விட்டு அந்தச் சந்துகளிலெல்லாம் பழைய சாக்குகளைத் திணித்து அடைத்தார். தினமும் காலையில் அந்தப் பித்தளைத் தூக்குவாளியில் கஞ்சி போயிற்று. மாரியாயி அதைக் கழுவி வாசலில் கொண்டுவந்து வைப்பாள். அப்போது அவளிடம் போட்டுக் கொடுக்க எதுவுமில்லை.

மாரியாயி என் வயதுக்காரி. டீயைத் தேத்தண்ணி என்பாள், அறையைக் காம்பிரா என்பாள். காதில் சின்னதாக ஒரு ஜோடித் தோடு. சிலோன் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த விரல்கள் என்பதால் பீன்ஸ் பறிப்பதில் எங்கள் ஊர்ப் பெண்கள் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. அதில் அவர்களுக்கு லேசாக வருத்தம்தான்.

பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. கொடைக்கானலிலிருந்து யாராவது தெரிந்தவர்கள் வந்தால், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் பழைய ஸ்வெட்டர் கொண்டுவந்தால், நேரே கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

"புள்ள மாரியாயி, இவுகளுக்குச் சொல்லு. கப்பல்ல எப்படி வந்தீக? தொறமொகத்துல ஒங்க பெட்டிய எப்படிக் கொட்டிக் கவுத்தாக? சொல்லு."

மாரியாயி சொல்வாள். பிறந்து வளர்ந்த தோட்டத்து லய வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நாய் பின்னாலேயே ஸ்டேஷன் வரைக்கும் ஓடிவந்ததைச் சொல்லும்போது உடைந்துபோவாள். பெரியம்மாவும் அழுவார். கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களைப் பெருமையாகப் பார்ப்பார். அன்றைக்குக் கஞ்சியோடு வெல்லமும் போகும்.

கார்த்திகை முடிவதற்குள் அந்தக் கதை தேய்ந்துவிட்டது. நான்கு வார்த்தையில் முடிப்பாள். நாய் வந்தது, ரயில் ஏறினோம், அவ்வளவுதாங்க. ஒரு நாள் விருந்தாளிகள் நிற்கும்போதே, "துணி ஊறுதுங்க அம்மா, வெயில் போறதுக்குள்ள அலசிப் போடணும்" என்று சொல்லிவிட்டு ஊற்றுக்குப் போய்விட்டாள். விருந்தாளிகளை அனுப்பிவிட்டுப் பெரியம்மா என்னோடு திரும்பி நடந்தார். வாசல் வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அழுகாமச் சொல்றாளே டீச்சர், பாத்தீகளா?"

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறிக்கொண்டு வருகிற மனசு, நல்லதுதானே என்றேன்.

அதற்குள் வேலு கொட்டகைக்குப் பின்னால் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு ஒரு பாத்தி கட்டியிருந்தான். பட்டாணி, முள்ளங்கி, கொஞ்சம் கீரை. பெரியம்மா காட்டில் இருவருக்கும் கூலி வேலை. தை பிறந்தபோது அவர்கள் அடுப்பில் சொந்த அரிசி வெந்தது.

பொங்கலன்று பெரியம்மா வீட்டு வாசல் நிறைய ஆட்கள். லாரிக்காரர், கமிஷன் மண்டிக்காரர், ஊர்ப் பெரிய தலைகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா எல்லோருக்கும் இலையில் பொங்கல் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அப்போது மாரியாயி வந்தாள். குளித்து, சலவைச் சேலை உடுத்தி, தலையில் ஒரு பூ. கையில் அந்தத் தூக்குவாளி. புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கண் கூசுகிற மாதிரி மின்னியது. திறந்தால் விளிம்பு வரைக்கும் சர்க்கரைப் பொங்கல், மேலே முந்திரி. மூடிக்குள் ஒரு காகிதப் பொட்டலம்.

"எங்க தோட்டத்துத் தேயிலைங்க அம்மா. கப்பல்ல வரும்போது கொண்டாந்தது, பிரிக்காம வச்சிருந்தேன். இத்தன நாளும் உங்க வாளிய வெறுமனே குடுத்துட்டேன். மனசுக்குச் சங்கடமா இருந்திச்சு. இன்னிக்கித்தான் போட்டுக் குடுக்க வக்கு வந்திருக்குங்க."

பெரியம்மா சிரிப்பார், 'எனக்கெதுக்குத்தா' என்பார், அவள் முந்தானையில் திருப்பிக் கொட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது. கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது. டீச்சர் போட்ட சீனிக்குச் சிரிக்க முடிந்தவருக்குச் சிலோன்காரி வைத்த பொங்கலுக்குச் சிரிக்க முடியவில்லை.

"அங்க வை" என்றார்.

சாயங்காலம் தண்ணீர் எடுக்க வந்த மாரியாயி மாட்டுத் தொட்டியைப் பார்த்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தவிட்டுத் தண்ணீரில் முந்திரி மிதந்தது. அவள் குடத்தை நிரப்பினாள், இடுப்பில் வைத்தாள், போய்விட்டாள். தேயிலைப் பொட்டலம் மறுநாள் என் அறைக்கு வந்தது. நீங்க வச்சுக்கிருங்க, எனக்கெதுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்படி ஒரு தேத்தண்ணியை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

அதோடு கஞ்சி நின்றது. அது பரவாயில்லை, அவர்களிடம் அரிசி இருந்தது. ஆனால் பெரியம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கெட்டது சொல்லாமலே ஊர் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. "வயிறு நெறஞ்சுபோச்சு அவளுக்கு" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். டீக்கடையில் எல்லோருக்கும் திடீரென்று கண் தெரிய ஆரம்பித்தது. அகதின்னு சொல்லிக்கிட்டுக் காதுல தோடு பாத்தியா என்றார்கள். தோடு வந்திறங்கிய அன்றைக்கும் அதே காதில்தான் இருந்தது. அவுகளுக்குக் கவர்மெண்டு வீடு கட்டித் தருதாம், நமக்கு யார் தர்றா என்றார்கள். அவ பறிக்கிற பறிக்கு நம்ம பொம்பளைகளுக்குச் சோலி இல்லாமப் போகும் என்றார்கள். கடைசியில் யாரோ கேட்டேவிட்டார்கள், ஆமா, இவுக என்ன ஆளுக?

தையில் அங்கே உறைபனி இறங்கும். காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். மிதித்தால் நொறுங்கும். அந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவின் ஆட்கள் விதைக்கிழங்கு மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்டகையின் பாதியில் அடுக்கினார்கள். அடுக்கிவிட்டு, பலகைச் சந்துகளில் திணித்திருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக உருவினார்கள்.

"விதைக்கிழங்குக்குக் காத்து வேணும்னு பெரியம்மா சொல்லிட்டாக" என்றார்கள். அதில் பொய்யும் இல்லை. மாசி பிறக்கும்போது மீதிப் பாதியும் வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார்கள்.

பையனுக்கு இழுப்பு கூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அவன் மூச்சுச் சத்தம் எனக்குப் பாதையிலேயே கேட்கும். ஊரில் வேறு ஒருவரும் இடம் தரவில்லை. என் அறை தலைமை ஆசிரியர் வீட்டுக்குள் இருந்தது. கேட்டுப் பார்த்தேன், 'ஊரைப் பகைக்க முடியாதும்மா' என்றார். நேரே பெரியம்மாவிடம் போனேன். அடுப்புக்கு முன்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ள செத்துப்போகும் பெரியம்மா" என்றேன்.

உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார். "நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? வந்து கேக்கட்டும். வாயத் தொறந்து, அழுது, இல்லைன்னு சொல்லிக் கேக்கட்டும். ஒரு கொட்டகை என்ன, ரெண்டு கொட்டகை தர்றேன். எனக்கென்ன கொறச்சல்?"

அதே அடுப்புக்கு முன்னால், அதற்கும் முந்தைய வருஷம், அவர் எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தார். சின்ன வயதில் அப்பனும் ஆத்தாளும் போய், வத்தலக்குண்டில் சித்தப்பா வீட்டில் வளர்ந்த கதை. சித்தி சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் அவர்கள் முன்னால் கேட்பாளாம், "யார் சோறு திங்கிறவ நீ? சொல்லு." இவர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் குழம்பு விழும். அன்றைக்கு நினைத்தாராம், சாகிற வரைக்கும் எவர் கையிலிருந்தும் எதுவும் வாங்குவதில்லை என்று. கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. 'சொல்லு புள்ள மாரியாயி' என்ற குரலும் அந்தச் சித்தியின் குரலும் ஒன்றுதான் என்பது அந்தப் பூண்டு வாசனையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது கடைசிவரை உறைக்கவில்லை. தட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்த பொம்பளையை, ஒரு வாளிப் பொங்கல் மறுபடியும் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டது. எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. ஆனால் பையன் மூச்சு காதில் கேட்டுக்கொண்டிருந்ததால் பரிதாபம் நிற்கவில்லை, வெறுப்புதான் நின்றது.

மாரியாயியிடம் போய்ச் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். வேலு, "வேணாம் புள்ள, எங்கயாச்சும் போயிருவம்" என்றான். இந்தப் பனியில் பையனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அவள் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அழுகணும்னு சொன்னாங்களா டீச்சர்?"

"ஆமா."

எழுந்தாள். தோட்டைக் கழற்றி வேலு கையில் கொடுத்தாள். தகரப் பெட்டியைத் திறந்து, கப்பலில் கட்டி வந்த கிழிந்த சேலையைத் தேடி எடுத்து உடுத்தினாள். தலையைக் கலைத்துக்கொண்டாள். வரப்பில் ஏறிப் போகும்போது நிதானமாகத்தான் போனாள். பெரியம்மாவின் வாசலில் ஆட்கள் கூலி வாங்க நின்றிருந்த நேரம் அது. அத்தனை பேர் முன்னாலும் தரையில் விழுந்து கதறினாள். நாய் பின்னாலேயே ஓடிவந்ததை அழுது அழுது சொன்னாள். எங்களுக்கு யாரும் இல்லைங்க அம்மா, நீங்கதான் கதி என்றாள்.

பெரியம்மா ஓடிவந்து அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். அவரும் கதறினார். "அடிப் பாவி, இத மொதல்லயே வந்து சொல்லக் கூடாதாடி!" அன்றைக்கே கிழங்கு மூட்டைகள் வெளியே போயின. சாக்குகள் சந்துக்குத் திரும்பி வந்தன. புதுக் கம்பளி, பையனுக்கு நெஞ்சில் பூசத் தைலம், வாளியில் கஞ்சி. டீக்கடையில் மறுபடியும் எல்லோருக்கும் நம்ம சனமாகிவிட்டார்கள். அந்தத் தையில் பெரியம்மா அளவுக்குச் சந்தோஷமாக இருந்தவர் அந்த மலையில் யாரும் இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தங்கமான புள்ள டீச்சர் அது" என்பார்.

பையன் பிழைத்துக்கொண்டான். மாரியாயி தோட்டைத் திரும்பப் போடவில்லை. அதற்குப் பிறகு தினமும் வாளியைக் கழுவி, துடைத்து, வெறுமனே கொண்டுபோய் வைத்தாள். பாத்தியில் பட்டாணி முற்றிக் கிடந்தது. ஒரு பிடிகூட அதில் விழவில்லை. விருந்தாளி வந்தால் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்று நாய்க் கதையைச் சொன்னாள். சரியான இடத்தில் அழுதாள். என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

பங்குனியில் வேலு நீலகிரிப் பக்கம் போய் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பிடித்துவிட்டு வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் வெள்ளனே, கீழே போகிற முதல் லாரியில் மூன்று பேரும் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்தைத் திறந்துகொண்டிருந்தபோது பெரியம்மா வந்தார். கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் வந்திருந்தார். கையில் அந்தத் தூக்குவாளி. அவர் வீட்டு வாசற்படியில் மூடி வைத்திருந்ததாம். தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக மின்னியது. மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே சாய்த்துக் காட்டினார்.

"பாத்தீகளா டீச்சர், நன்றி கெட்ட சனத்த? அத்தன மாசம் சோறு போட்டேன். போறவ வாளிய வெறுமனே வச்சிட்டுப் போயிட்டா. ஒரு சிட்டிகை சீனி... ஒரு கல்லு உப்பாச்சும் போட்டு வைக்கணும்னு தோணலையே அவளுக்கு!"

சொல்லிவிட்டு வாளிக்குள் மறுபடியும் குனிந்து பார்த்தார். அவர் கண் நிறைந்து வழிந்தது. அது நடிப்பில்லை, நிஜமான அழுகைதான்.